மறதிக்காரக் கணக்குப்பிள்ளையிடம் பேரேட்டை ஒப்படைக்கலாமா?



நமது சங்கத்தின் வரும் பொதுக்குழுவில் ஒரு முக்கியமான பொருள் விவாதத்துக்கு வருகிறது. உறுப்பினர்கள் அனைவருக்கும் பொதுவாக ஓர் ஆன்லைன் ஆர்டர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாமா என்பதே அது. சில்லறைக் கடைக்காரர் தம் கடையில் இருந்தபடியே செல்போனில் சரக்குக்கு எழுதிப் போடுவார்; மொத்தக் கடையில் அது பதிவாகும்; மாலையில் வண்டி போகும். பெரிய கம்பெனிகள் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தக் காலத்தில் நாமும் இதைச் செய்தாக வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தீபாவளி வாரத்தில் நடந்தது

2023 தீபாவளிக்கு முன்னால் எங்கள் மொத்தக் கடைக்கு ஒரு வெப்சைட்டைச் செய்து வாங்கினோம். செய்து கொடுத்தவர்கள் பார்க்க அழகாகத்தான் செய்திருந்தார்கள். பருப்பு, எண்ணெய், மிளகாய், சர்க்கரை என்று படத்தோடு வரிசையாக இருக்கும். நாங்களும் எங்கள் வாடிக்கைக் கடைக்காரர்களிடம், "இனி போன் போட வேண்டாம், இதிலேயே எழுதிப் போடுங்கள்" என்று பெருமையாகச் சொன்னோம்.

தீபாவளி வாரத்தில் நான்கு சங்கடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதலாவது, ஒரு கிராமத்துக் கடைக்காரர் 10 டின் எண்ணெய்க்கு ஆர்டர் போட்டார். சிக்னல் சரியில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லையோ என்று மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறையும் அழுத்தினார். எங்களிடம் மூன்று ஆர்டராகப் பதிவாகி, 30 டின் வண்டியில் ஏறிப் போய்விட்டது. ஏற்றுகூலி, இறக்குகூலி, திருப்பிக் கொண்டுவந்த வாடகை எல்லாம் எங்கள் தலையில்.

இரண்டாவது, குடோனில் துவரம்பருப்பு 12 மூட்டைதான் மிச்சம். ஒரே நேரத்தில் இரண்டு கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். இருவருக்கும் "இருப்பு உண்டு" என்று காட்டியது. இருவரும் 12 மூட்டைக்கு ஆர்டர் போட்டார்கள். இருவருக்கும் "நன்றி, உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது" என்று பதிலும் போயிற்று. இல்லாத 12 மூட்டைக்கு எங்கே போவது?

மூன்றாவது, ஒருவர் காலையில் விலையைப் பார்த்துக் கூடையில் போட்டுவிட்டு, மாலையில் ஆர்டரை உறுதி செய்தார். நடுவில் உளுந்து விலையை நாங்கள் ஏற்றியிருந்தோம். ஆர்டர் பழைய விலையிலேயே பதிவாயிற்று.

நான்காவது சங்கடம்தான் அதிகம் பேருக்கு நேர்ந்தது. சில்லறைக் கடைக்காரர் நம்மைப்போல் ஓர் இடத்தில் உட்கார்ந்து லிஸ்ட் போட முடியாது. நான்கு ஐட்டம் எழுதுவார், வாடிக்கையாளர் வருவார், பொட்டலம் கட்டிக் காசு வாங்கிப் போட்டுவிட்டு மறுபடி வந்து இரண்டு எழுதுவார். இப்படி ஒரு மணி நேரம் பாடுபட்டு 60 ஐட்டம் சேர்த்தவருக்குத் திடீரென்று "மீண்டும் உள்ளே நுழையவும்" என்று வந்தது. நுழைந்து பார்த்தால் கூடை காலி. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, எனக்குப் பழையபடி போனே போதும்" என்றார்.

துவரம்பருப்பில் ஏமாந்த இருவரில் ஒருவர் எங்களிடம் 22 வருடமாகச் சரக்கு எடுப்பவர். "உங்கள் கடையில் ஒரு வார்த்தை சொன்னால் சரக்கு வந்துவிடும் என்றுதானே இருந்தேன்" என்றார். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பண நஷ்டத்தை ஒரு சீசனில் எடுத்துவிடலாம். போன சொல்லை எந்தச் சீசனில் எடுப்பது?

மெஷினின் சுபாவம்

இது ஏன் நடந்தது என்று, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் எங்கள் தம்பி மகனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் சொன்ன முதல் வார்த்தையே எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியப்பா, அந்த சர்வருக்கு உங்கள் கடைக்காரர் யார் என்றே தெரியாது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் அதை மறந்துவிடும். அடுத்த கேள்வி வரும்போது அவர் அதற்குப் புது ஆள்தான்" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர்தான் 1989 முதல் 1991 வரையிலான ஆண்டுகளில் இந்த வெப் என்பதை உருவாக்கினார். ஆராய்ச்சியாளர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் எடுத்துப் படிக்கவே அது ஏற்பட்டது. "இந்தத் தாளைக் கொடு" என்று பிரவுசர் கேட்கும், சர்வர் கொடுக்கும், அத்தோடு விவகாரம் முடிந்தது. கேட்டவர் யார், முன்பு என்ன கேட்டார் என்று அது வைத்துக்கொள்வதில்லை. எச்.டி.டி.பி. எனப்படும் அந்த முறைதான் இன்றும் அடிப்படை.

இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாததால்தான் ஒரு சர்வர் ஆயிரக்கணக்கான பேருக்குப் பதில் சொல்ல முடிகிறது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று அதன் இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடரவும் முடிகிறது. ஆனால் கட்டுரை படிப்பதற்கு அது சரி, வியாபாரத்துக்குப் போதாது. வியாபாரம் என்பதே முன்பு சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதானே?

இந்தச் சிக்கல் முதலில் கண்ணில் பட்டதும் விற்பனையில்தான். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மோன்டுல்லி என்ற இளைஞர், எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்கான விற்பனை ஏற்பாட்டில் வேலை செய்தார். வாடிக்கையாளர் பாதி பொறுக்கிவிட்டு நிறுத்திய விவரத்தைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ள அந்தக் கம்பெனி விரும்பவில்லை. அதற்கு மோன்டுல்லி கண்ட வழிதான் "குக்கி". சர்வர் ஒரு சிறு குறிப்பை வாடிக்கையாளரின் பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறை வரும்போதும் அதைத் திருப்பிக் காட்டும். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப் பிரவுசரிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஆக, மளிகைக் கூடையைப் போன்ற ஒரு கூடைக்காகவே பிறந்த சாதனம் இது.

பித்தளை வில்லையும் பேரேடும்

முன்பெல்லாம் பேங்கில் பணம் எடுக்கப் போனால் ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதில் எண் மட்டும் இருக்கும். உங்கள் பெயரோ, எடுக்கும் தொகையோ இருக்காது. அதெல்லாம் உள்ளே இருக்கும் லெட்ஜரில் இருக்கும். வில்லையை நீட்டினால் எண்ணைப் பார்த்து லெட்ஜரைப் புரட்டிப் பணம் தருவார்கள்.

நல்ல வெப்சைட்டும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். வாடிக்கையாளர் கையில் எண் மட்டும்; விவரம் முழுவதும் நம்மிடம். எங்கள் வெப்சைட்டைச் செய்தவர்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? விலையையே வாடிக்கையாளர் பக்கத்துத் தாளில், கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆர்டர் வரும்போது அந்தத் தாளில் என்ன விலை இருக்கிறதோ, அதையே வாங்கிப் பதிவு செய்தது எங்கள் மெஷின். காலை விலையில் மாலை ஆர்டர் ஏறியது இப்படித்தான். எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்த வேறொருவர் அந்தக் கட்டத்தில் இருந்த 120 ரூபாயை 12 ரூபாய் என்று திருத்தி அனுப்பியிருந்தாலும் அது ஏற்றுக்கொண்டிருக்கும். 1990களின் இறுதியிலேயே வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் பலவற்றில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இது. இன்றும் சில்லறைக் காசுக்கு வேலை செய்து கொடுப்பவர்களிடம் இருக்கிறது. பில் போடும் பேனாவை வாடிக்கையாளர் கையில் கொடுப்போமா?

வில்லைக்கும் காவல் வேண்டும். வில்லை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த வாடிக்கையாளர் என்று மெஷின் நம்பும். சில வெப்சைட்டுகளில் அந்த எண் மேலே உள்ள முகவரியிலேயே தெரியும். கடைக்காரர் அந்த முகவரியை அப்படியே வாட்ஸ்அப்பில் பக்கத்துக் கடைக்கு அனுப்பினால், பக்கத்துக் கடைக்காரர் இவர் கணக்கிலேயே நுழைந்துவிடலாம். எண் முகவரியில் வரக் கூடாது. யூகிக்க முடியாத நீளமான எண்ணாக இருக்க வேண்டும். வெளியேறு என்று அழுத்தியதும் செல்லாமல் போக வேண்டும்.

கூடை ஏன் காலியானது?

இதற்குத் தம்பி மகன் சொன்ன காரணம் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. வெப்சைட்டுகளை எழுத உலகம் முழுவதும் பயன்படும் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில், 2000-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து "செஷன்" என்ற ஏற்பாடு உண்டு. வாடிக்கையாளர் பற்றிய தற்காலிகக் குறிப்பை சர்வரில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பது அது. யாரும் மாற்றாவிட்டால் அதற்கு வைத்திருக்கும் ஆயுள் 1,440 விநாடி. அதாவது 24 நிமிடம். அதற்குமேல் அசையாமல் கிடந்தால் குப்பை என்று கருதிக் கூட்டித் தள்ளிவிடலாம். எங்கள் கூடை அதில்தான் இருந்தது.

24 நிமிடம் என்பது ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போதும். மாலை ஆறு மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும்போது நம் சில்லறை வியாபாரிக்குப் போதுமா? இந்த எண்ணை யாரும் வேண்டுமென்று எங்களுக்காகத் தீர்மானிக்கவில்லை. யாரும் தீர்மானிக்காததால் அது தானாக நின்றுவிட்டது. எங்கள் குறையே இதுதான். கலர் என்ன, படம் எவ்வளவு பெரிது என்றெல்லாம் பேசிய நாங்கள், "கூடை எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்கவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கூட்டம் அதிகமானால் இரண்டு மூன்று சர்வர்களை வைப்பார்கள். ஒரு சர்வரின் மனதில் உள்ள கூடை மற்றதற்குத் தெரியாது. முதல் கவுண்டரில் சொன்ன லிஸ்டை இரண்டாம் கவுண்டரில் கேட்டால் முழிப்பதுபோலத்தான்.

தீர்வு நமக்குப் புதியதே அல்ல. சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று நிலையில் எழுதி வளர்ந்தவர்கள் நாம். 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான லூகா பசியோலியின் கணித நூலிலும் வியாபாரிக்கு இதே மூன்று புத்தகங்கள்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. நடந்ததை நடந்தபடி உடனே எழுதும் சிட்டை. அதை ஒழுங்குபடுத்தும் குறிப்பேடு. ஆள்வாரியாகப் பிரிக்கும் பேரேடு. கூடை என்பது சிட்டை. உறுதியான ஆர்டர் குறிப்பேடு. பற்று வரவு பேரேடு. மூன்றும் டேட்டாபேஸ் என்ற பூட்டிய பெட்டகத்தில் கடைக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும். செஷன் என்ற கரும்பலகையில், "இப்போது வந்திருப்பவர் இன்னார்" என்ற ஒரு வரி இருந்தால் போதும். அது அழிந்தால் மறுபடி பாஸ்வேர்டு போட்டு வருவார். கூடை அப்படியே இருக்கும். கடையில் செல்போனில் தொடங்கியதை இரவு வீட்டுக் கம்ப்யூட்டரில் முடிக்கவும் முடியும்.

மூன்று முறை அழுத்தினாலும் ஒரே ஆர்டர்

எண்ணெய் டின் விவகாரத்துக்கு வருவோம். சிக்னல் போனால் மனிதன் மறுபடி அழுத்தத்தான் செய்வான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஒருமுறை மட்டும் அழுத்தவும்" என்று சிவப்பில் எழுதி வைப்பது தீர்வாகாது.

ஒரே செக் எண்ணுக்கு பேங்கில் இரண்டு முறை பணம் தருவார்களா? செக் புத்தகத்தில் முன்கூட்டியே எண் அச்சடித்திருப்பது அதற்குத்தான். அதுபோல ஆர்டர் தாளைத் திறக்கும்போதே சர்வர் அதற்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணோடுதான் வரும். "ஓர் எண்ணுக்கு ஒரு பதிவுதான்" என்று டேட்டாபேசிலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டால், இரண்டாம் முறை வருவது உள்ளே ஏறாது. "இந்த ஆர்டர் முன்பே பதிவாகிவிட்டது, இதோ விவரம்" என்று காட்டிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்கள், வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லுக்கு மின்பட்டியல் போட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அதில் ஒவ்வொரு பில்லுக்கும் ஐ.ஆர்.என். என்று 64 எழுத்துள்ள எண் வருகிறதல்லவா? நம் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்து கணக்கிடப்படுவது அது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் அதே எண்தான் வரும். "முன்பே உள்ளது" என்று திருப்பிவிடும். நமக்கு எத்தனையோ விதத்தில் அலுப்பைத் தந்த ஜி.எஸ்.டி. ஏற்பாட்டில் இந்த ஒரு விஷயத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆர்டர் பதிவானதும் வேறொரு தாளுக்கு அழைத்துப்போய் அங்கே "பதிவாயிற்று" என்று காட்டுவதும் அவசியம். இல்லாவிட்டால் அவர் ரிஃப்ரெஷ் செய்யும்போது பழைய ஆர்டரே மறுபடி போய் நிற்கும்.

பார்த்ததும் கழித்ததும்

துவரம்பருப்பில் நடந்தது இதுதான். முதல் கடைக்காரருக்காக மெஷின் இருப்பைப் பார்த்தது: 12. இரண்டாமவருக்காகவும் பார்த்தது: 12. பிறகு முதலாமவருக்குக் கழித்தது; இரண்டாமவருக்கும் கழித்தது. பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவே இடைவெளி இருந்தது. பையன் குடோனுக்குள் போய் எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்கு நடந்து வருவதற்குள் இன்னொரு பையன் மூட்டையை ஏற்றிவிட்டதுபோல.

ரயில் டிக்கெட் ஆன்லைனில் எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இடம் இருக்கிறது என்று காட்டும். பணம் கட்டி முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆகிவிடும். பார்த்த கணம் வேறு, பதிவான கணம் வேறு. அங்கே ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுப்பதில்லை. எங்கள் மெஷினோ கொடுத்துவிட்டது.

டேட்டாபேசிடம் சொல்லும் உத்தரவை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: "இருப்பு 12-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 12-ஐக் கழி." கழிந்ததா இல்லையா என்று அது பதில் சொல்லும். கழியவில்லை என்றால் இரண்டாமவருக்கு அந்த நிமிடமே "இருப்பு தீர்ந்தது" என்று சொல்லிவிடலாம். இல்லை என்று உடனே சொன்னால் அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார், கோபம் வராது. உண்டு என்று சொல்லி மறுநாள் இல்லை என்றால்தான் உறவு முறிகிறது.

அதோடு, ஆர்டரை எழுதுவது, இருப்பைக் கழிப்பது, அவர் பற்றில் ஏற்றுவது மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். அல்லது மூன்றுமே நடக்கக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் ஒன்று நடந்து மற்றது நடக்காமல் நிற்கக் கூடாது. இதைக் கம்ப்யூட்டர்காரர்கள் "டிரான்சாக்‌ஷன்" என்கிறார்கள். ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் 1981-லேயே இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட ஒப்புமையே வியாபார ஒப்பந்தம்தான். வசதி எல்லா நல்ல டேட்டாபேசிலும் இருக்கிறது. எழுதுபவர் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே.

கூடையில் போட்டதுமே சரக்கைப் பிடித்து வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். சினிமா டிக்கெட்டில் சில நிமிடம் அப்படிப் பிடித்து வைக்கிறார்கள். மொத்த வியாபாரத்தில் அது ஆபத்து. ஒருவர் 100 மூட்டையைக் கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டால் மற்றவர்களுக்குச் சரக்கு இல்லை என்று காட்டும். எங்கள் கருத்து, உறுதி செய்யும்போதுதான் கழிக்க வேண்டும். பண்டிகைச் சரக்குக்கு மட்டும் பிடித்து வைப்பதானால் பதினைந்து நிமிடத்தில் தானாக விடுபட வேண்டும்.

விலைக்கும் இதே நியாயம். உறுதி செய்யும் நேரத்தில் நம் பேரேட்டில் உள்ள விலைதான் விலை. கூடையில் போட்டபோது இருந்ததிலிருந்து மாறியிருந்தால் பழைய விலை, புதிய விலை இரண்டையும் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதித்த விலையை ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள் என்று விட்டால், நாளை விலை மாறும்போது நேற்றைய பில்லும் மாறி நிற்கும்.

பணம் போனது, ஆர்டர் இல்லை

யு.பி.ஐ.யில் பணம் கட்டும்போது கடைக்காரர் வெப்சைட்டை விட்டு வேறு ஆப்புக்குப் போகிறார். அங்கே கட்டிவிட்டுத் திரும்பி வராமலே போகலாம். சார்ஜ் தீர்ந்து போன் அணையலாம். பணம் வந்த செய்தியை அவர் போன்தான் வந்து சொல்ல வேண்டும் என்று வைத்தால் ஆர்டர் தொங்கும். பேங்க் பக்கத்திலிருந்து நம் சர்வருக்கு நேரடியாகச் செய்தி வர வேண்டும். அதுவும் வராவிட்டால் நம் சர்வரே போய்க் கேட்க வேண்டும்.

அதுவரை அந்த ஆர்டருக்கு மூன்றாவது நிலை ஒன்று வேண்டும். வந்தது, வரவில்லை என்ற இரண்டு மட்டும் போதாது. கலெக்‌ஷனுக்குப் போட்ட செக்கை நாம் வரவும் வைப்பதில்லை, தள்ளியும் விடுவதில்லை அல்லவா? அதுபோல "விசாரணையில்" என்று நிற்க வேண்டும். யு.பி.ஐ.யில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து வியாபாரிக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. இதை நம் சில்லறை வியாபாரிகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "பணம் போய்விட்டது, மறுபடி கட்டு" என்று அவரை அவசரப்படுத்தக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவும் செய்தால் செலவு கூடும், வேகம் குறையும் என்று சொல்பவர்கள் வருவார்கள். எங்களிடமும் சொன்னார்கள். நமக்கு ஒரு நாளைக்குச் சில நூறு ஆர்டர் வந்தால் பெரிது. அதற்கு எந்த டேட்டாபேசும் மூச்சு வாங்காது. 30 டின்னைத் திருப்பிக் கொண்டுவந்த வண்டி வாடகையைவிட அந்தச் செலவு பெரிதல்ல.

எனவே பொதுக்குழுவுக்கு எங்கள் வேண்டுகோள் இது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். இரண்டு செல்போன் போதும்.

1. உறுதி செய்யும் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்துங்கள். ஒரே ஆர்டர்தான் பதிவாக வேண்டும்.

2. அழுத்திய உடனே நெட்டை அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டு அழுத்தினாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

3. ஒரு சரக்கில் ஒரே ஒரு மூட்டை இருப்பு வைத்து, இரண்டு போனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். மற்றவருக்கு உடனே இல்லை என்று சொல்ல வேண்டும்.

4. இரவு கூடையில் பத்து ஐட்டம் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் வேறு போனில் நுழைந்தாலும் பத்தும் இருக்க வேண்டும்.

5. கூடையில் போட்டபின் விலையை மாற்றுங்கள். மாறியதைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பழைய பில்லில் விலை மாறக் கூடாது.

6. பணம் கட்டியதும் போனை அணைத்துவிடுங்கள். ஆர்டர் தானாகப் பதிவாக வேண்டும்.

7. வெளியேறியபின் பின்னால் போகும் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே விடக் கூடாது.

ஏழில் ஒன்று தவறினாலும் பாக்கித் தொகையைக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கோபித்துக்கொள்பவர் நமக்கு வேண்டாம். வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

எங்கள் கடை வெப்சைட்டை இப்போது திருத்தி எழுதி வாங்கிவிட்டோம். ஏழு சோதனையும் செய்து பார்த்த பிறகே திறந்தோம். 22 வருடத்து வாடிக்கையாளரிடம் நாங்களே நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் இப்போது அதில்தான் எழுதிப் போடுகிறார். ஆனாலும் ஆர்டர் போட்டபின் ஒரு தரம் போன் செய்து, "வந்துவிட்டதா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி நிற்கும்வரை எங்கள் கடன் தீரவில்லை என்றே நினைக்கிறோம்.

ஒரு கடையில் நடந்தால் ஒரு கடையின் பெயர் கெடும். சங்கத்தின் பெயரில் நடந்தால் நம் எல்லோர் பெயரும் கெடும். உறுப்பினர்கள் பொதுக்குழுவுக்குத் தவறாமல் வந்து, இந்தக் கேள்விகளை எழுப்பிய பிறகே கை தூக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.